முற்றத்துப் பழைய காங்கிரீட்டை உடைத்து அகற்ற ஒப்பந்தக்காரரை அமர்த்துதல்: விலை பேசும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

வேம்படி

அனைவருக்கும் வணக்கம். சென்னை திருவான்மியூரில் என் பெற்றோர் 1980-களில் கட்டிய தனி வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். தெருவுக்குத் தார் போட்ட ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்தது. அதற்கு ஈடாக அப்பாவும் முற்றத்தின் மேலேயே காங்கிரீட் போட்டு உயர்த்திக்கொண்டே வந்தார். விளைவாக, மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது ஒரே படியில் நுழைகிறோம். கனமழை பெய்தால் முற்றத்து நீர் கூடத்தின் வாசற்படியைத் தொடுகிறது. வேப்பமரத்தின் அடிவரை சிமெண்ட் மூடியிருப்பதால் மழைநீர் மண்ணில் இறங்கவும் வழியில்லை.

முன்புறம் 400 சதுர அடி, வடக்குப் பக்கச் சந்து 200 சதுர அடி. இரண்டையும் முழுவதுமாக உடைத்து எடுத்துவிட்டு, கார் நிற்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுக் கற்கள் பதிக்க எண்ணியிருக்கிறோம். மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்றார். ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். மூன்றாமவர் வெளியேறும் லோடுக்கு இவ்வளவு என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அதிகத் தொகை குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. இவற்றை எப்படி ஒப்பிடுவது?

கூடவே இன்னொரு கேள்வி. முன்புறப் போர்டிகோவின் தளத்தில் அடிப்பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அதையும் இதே ஆட்களிடம் இடிக்கச் சொல்லலாமா?

சைட் சூப்பர்வைசர்

அம்மா, மூவரில் எவராவது காங்கிரீட்டின் தடிமனைக் கேட்டார்களா அல்லது ஓர் ஓரத்தைக் கொத்திப் பார்த்தார்களா? இல்லை என்றால், மூன்று விலைகளையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பரப்பளவு ஒன்றே என்றாலும், உங்கள் முற்றத்தில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து வேலையே வேறாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 600 சதுர அடியில் 4 அங்குலத் தடிமன் என்றால் 200 கன அடி. காங்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ, அதாவது கன அடிக்கு 68 கிலோ. ஆகவே வெளியே போக வேண்டிய எடை 13.5 டன்னுக்குச் சற்று மேல். அதே முற்றம் 8 அங்குலமாக இருந்தால் 400 கன அடி, 27 டன். உடைத்த பிறகு துண்டுகளுக்கு இடையே காற்று புகுந்து அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 4 அங்குலத்துக்கு மூன்று யூனிட் வெளியேறும் இடத்தில் 8 அங்குலத்துக்கு ஆறு யூனிட் வெளியேறும். சதுர அடி விலை சொன்னவர் 4 அங்குலத்தை மனத்தில் வைத்திருந்தால், பாதி வேலையில் நின்று கூடுதல் தொகை கேட்பார். கேட்பதில் அவருக்கும் நியாயம் இருக்கும். மொத்தத் தொகை சொன்னவர் அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் அவர் விலை கூடுதலாக இருக்கலாம். லோடுக்குக் கணக்கு சொன்னவரிடம், லோடு என்பது எந்த வண்டி, எத்தனை கன அடி, எதுவரை நிரப்புவார்கள் என்று கேட்டீர்களா? அரை வண்டி நிரப்பி ஒரு லோடு என்று எழுதும் பழக்கம் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. முன்புறத்தில் இரண்டு இடங்களிலும் சந்தில் ஓரிடத்திலும் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் மண் தெரியும்வரை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள். பிறகு மூவரையும் அழைத்து, அந்தக் குழிகளைக் காட்டி, ஒரே அடிப்படையில் விலை கேளுங்கள்.

பெசன்ட் நகர்வாசி

விலை இருக்கட்டும், இந்த வேலையே தேவையா என்று முதலில் யோசிக்க வேண்டும். சாலை உயர்ந்துவிட்ட தெருவில் முற்றத்தைத் தாழ்த்தினால், தெருவில் தேங்கும் நீரெல்லாம் கேட்டுக்குக் கீழே புகுந்து உங்கள் முற்றத்தில் குளம் கட்டும். உங்கள் அப்பா காரணமில்லாமல் செலவு செய்திருக்க மாட்டார். தெரு நீரைத் தடுக்கத்தான் உயர்த்தியிருப்பார். நாளை டிசம்பர் மழையில் மோட்டார் வைத்து இறைக்கும் நிலை வரும்.

கிணற்று நீர்

பெசன்ட் நகர்வாசியின் கவலை களிமண் பகுதிகளுக்கு முழுவதும் பொருந்தும். வேளச்சேரிப் பக்கம் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் திருவான்மியூரின் கடற்கரை ஓரப் பகுதி மணற்பாங்கானது. மூடாமல் விட்டால் நீர் விரைவாக இறங்கும். அந்த மணலில் நன்னீர் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், மொட்டைமாடிக் குழாயை ஒரு தொட்டிக்குள் விட்டுவிட்டு முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடுவதே பலருக்கும் வழக்கமாகிவிட்டது.

இருந்தாலும் தெரு நீர் உள்ளே வராமல் தடுத்தே ஆக வேண்டும். கேட்டின் உட்புறம் இரண்டடி அகலத்துக்குப் பழைய காங்கிரீட்டை உடைக்காமல் வரம்பாக விட்டுவிடுங்கள். சாலையை விடச் சற்று உயரமாக அது இருக்கட்டும். அதிலிருந்து உள்ளே இறங்கும் சரிவைக் கார் அடி உரசாத அளவுக்குப் படிப்படியாக அமைக்க வேண்டும். வரம்பை அடுத்து, வலைமூடி போட்ட ஒரு குறுக்கு வடிகாலும், அது போய்ச் சேர மூன்றடிச் சதுரத்தில் ஐந்தடி ஆழமுள்ள, செங்கல் துண்டும் கூழாங்கல்லும் நிரப்பிய உறிஞ்சுகுழியும் தேவை. கார் நிற்கும் இடத்து நீரில் எண்ணெய் கலக்கும் என்பதால், அதை நேரடியாகக் கிணற்றில் விட வேண்டாம். மாடி நீரை வடிகட்டிக் கிணற்றுக்கு விடலாம்.

எதையெல்லாம் உடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரிந்த ஒரு பட்டை எப்போதும் இருக்க வேண்டும். அது அஸ்திவாரத்தின் அருகே நீர் இறங்குவதைத் தடுக்கிறது. உங்கள் முற்றம் பல அடுக்காக உயர்ந்திருப்பதால், பழைய பட்டையை உடைத்துத் தாழ்வாகப் புதிதாகப் போட நேரலாம். ஆனால் உடைத்த அன்றே மண்ணைத் திறந்துபோட்டு மழைக்கு விடக் கூடாது. மதில் சுவரின் அருகிலும் கவனம் வேண்டும். பழைய மதில்களின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது, முற்றத்துக் காங்கிரீட்டே அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். மணலில் அதை ஒரே மூச்சில் எடுத்துவிட்டால் சுவர் சாயக்கூடும். ஐந்தாறு அடி நீளமாக, விட்டுவிட்டு உடைக்கச் சொல்லுங்கள்.

பெசன்ட் நகர்வாசி

மணல் என்பதால் ஏற்கிறேன். கேட் வரம்பை உடைக்காமல் விடுவதும் நல்ல யோசனைதான். ஆனால் வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் ஆரம்பித்தவர்கள் பட்ட பாட்டை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இடிப்பு வேலை

நான் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். குழி வெட்டிப் பார்க்காமல் விலை சொல்வது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்துப் பேரை வரவழைத்து விலை கேட்டுவிட்டு யாருக்கும் வேலை கொடுக்காத வீட்டுக்காரர்கள் நிறைய இருப்பதால், எங்களில் பலர் வாசலில் நின்று கண்ணளவில் ஒரு தொகை சொல்லிவிட்டுப் போகிறோம். சோதனைக் குழிக்குக் கூலி தருகிறேன் என்று நீங்கள் சொன்னாலே, வேலையைத் தெரிந்த ஆள் பொறுமையாகப் பார்ப்பார்.

எந்தக் கருவியால் உடைப்பது என்பதே விலையில் பெரிய பங்கு. முன்புறத்துக்குள் சின்ன ஜே.சி.பி. நுழைந்தால் உடைப்பது சுலபம், ஆனால் தனி வீட்டின் அருகே அந்த அதிர்வை நான் விரும்புவதில்லை. டிராக்டரில் வரும் கம்ப்ரசருடன் கூடிய பிரேக்கர் வேகமானது, சத்தமும் மிக அதிகம். மின்சார பிரேக்கர் மெஷின் மெதுவாகப் போகும், ஒரே ஆள் பிடித்து வேலை செய்யலாம். உங்கள் இடத்துக்கு அதுவே போதும். சந்தில் எந்த வண்டியும் நுழையாது, உடைத்த ஒவ்வொரு துண்டையும் பாண்டில் (இரும்புச் சட்டியில்) சுமந்து தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே பரப்பில் பாதியே இருந்தாலும் சந்துக்குச் சதுர அடி விலை கூடுதலாகக் கேட்பது நியாயமே.

வீட்டுச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, வைரத்தூள் பிளேடு போட்ட கட்டிங் மெஷினால் நீர் ஊற்றிக்கொண்டே முதலில் ஒரு கோடு அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கோடு இல்லாமல் பிரேக்கரை வைத்தால், விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடிச் சுவரடிவரை போகும். கோட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பட்டையை எடுக்க நேர்ந்தால், சம்மட்டியும் உளியும் கொண்டு கையால் எடுப்பதே நல்லது. வேப்பமரத்தைச் சுற்றியும் அப்படித்தான். வேரில் பிரேக்கர் உளி இறங்கினால் மரம் இரண்டு மழைக்குப் பிறகு தன் கோபத்தைக் காட்டும்.

காங்கிரீட்டுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதை எங்களுக்குச் சொல்வது உங்கள் கடமை. மெட்ரோ வாட்டர் இணைப்புக் குழாய், கழிவுநீர்க் குழாய், மீட்டருக்கு வரும் நிலத்தடிக் கேபிள், எர்த் குழி, சம்ப் மூடியின் விளிம்பு ஆகிய அனைத்தையும் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் கழிவுநீருக்குப் பீங்கான் குழாய்தான் இருக்கும், அதிர்விலேயே அதன் இணைப்பு விட்டுப்போகும். நீங்கள் காட்டிய இடத்தில் நான் உடைத்தால் செலவு என்னுடையது. காட்டாத இடத்தில் உடைந்தால் உங்களுடையது. இதைப் பேசாமல் ஆரம்பித்த வேலைகள்தான் சண்டையில் முடிகின்றன.

கிணற்று நீர்

ஒன்று கேட்க வேண்டும். உடைத்த இடிபாட்டைப் பள்ளமான மனைகளை நிரப்ப விலைக்கு விற்பதாகக் கேள்விப்படுகிறோம். அப்படியானால் வீட்டுக்காரரிடமும் காசு, மனைக்காரரிடமும் காசு என்று இரட்டை வரும்படி அல்லவா?

இடிப்பு வேலை

சில சமயம் உண்மை. ஆனால் எப்போதும் அருகில் பள்ளமான மனை கிடைப்பதில்லை, அள்ளும் கூலியும் வண்டி வாடகையும் எங்களுடையவை. முழு வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலை, கம்பி, செங்கல் என்று எடுத்துக்கொள்ளப் பொருள் இருப்பதால் ஒப்பந்தக்காரரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. முற்றத்துக் காங்கிரீட்டில் பெரும்பாலும் கம்பியே இருக்காது. எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லாத வேலைக்குக் கூலி கூடுதலாகத் தெரிவதில் வியப்பில்லை.

சைட் சூப்பர்வைசர்

இடிபாடு எங்கே போகிறது என்பதை வீட்டுக்காரர் கேட்காமல் விடுவதால்தான் இரவோடு இரவாக ஏரிக்கரையிலும் சதுப்புநிலத்தின் ஓரத்திலும் கொட்டப்படுகிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பிறகும் அதன் விளிம்புகளில் கட்டட இடிபாடு கொட்டுவது குறித்த புகார்கள் ஓயவில்லை. உங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவிலேயே பெருங்குடியில் மாநகராட்சியின் இடிபாடு பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. வடசென்னைக்குக் கொடுங்கையூரில் இன்னொன்று. சிறிய அளவு இடிபாட்டைப் போட மாநகராட்சி மண்டலவாரியாக இடங்களும் ஒதுக்கியிருக்கிறது. 1913 என்ற எண்ணில் அழைத்து, உங்கள் மண்டலத்துக்குரிய இடத்தையும் கட்டணத்தையும் கேட்டுக்கொண்ட பிறகு ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள்.

2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாடு மேலாண்மை விதிகள் ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் 300 டன்னோ உண்டாக்குபவர்கள் உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றன. அந்த விதிகளில் சிறிய வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை இருந்தது: இடிபாட்டைத் தெருவிலோ வடிகாலிலோ போடக் கூடாது. உடைத்த துண்டுகளை மழைநீர் வடிகாலின் மேல் குவித்துவிட்டு, நாளை வண்டி வரும் என்று போகிறவரை அனுமதிக்காதீர்கள்.

ஆட்களின் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். காங்கிரீட்டை உலர்வாக உடைத்தாலும் அறுத்தாலும் எழும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்தில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது அந்தத் தூசியைத் தடுக்காது. நீர் தெளித்துக்கொண்டே உடைப்பதும் என்-95 முகக்கவசமும் உங்கள் நிபந்தனையாக இருக்கட்டும். நீர் இருக்கும் இடத்தில் மின் கருவியும் இருப்பதால், பிளக் இல்லாமல் ஒயர் நுனியை சாக்கெட்டில் தீக்குச்சி செருகி மாட்டும் வழக்கத்தை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் இணைப்புக் கொடுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர்

போர்டிகோ குறித்து. முற்றத்தை உடைப்பவரிடம் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். குறைந்தபட்சம், ஒரு பொறியாளர் வந்து பார்க்கும்வரை கொடுக்க வேண்டாம். முற்றம் மண்மேல் படுத்திருப்பது, தவறாக உடைத்தாலும் விழ இடமில்லை. போர்டிகோ தளம் காற்றில் நிற்பது.

முதலில் அறிய வேண்டியது, அது தனியாக நான்கு தூண்களில் நிற்கிறதா அல்லது கூடத்தின் கூரைத் தளமே வெளியே நீண்டு வந்து போர்டிகோவாகியிருக்கிறதா என்பது. 1980-களின் வீடுகளில் இரண்டாவது வகை மிகுதி. அப்படித் தொடர்ச்சியாக வார்த்த தளத்தில், நடு உத்திரத்தின் மேல் ஓடும் மேல்கம்பி இரண்டு பக்கத்துச் சுமையையும் பகிர்ந்துகொள்கிறது. வெளிப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் கூடத்துத் தளம் தனித்து நிற்கும், அதன் நடுப்பகுதியில் வளைவு விசை கூடும். முன்பு பகிர்ந்துகொண்டதை எண்ணி வைத்த அடிக்கம்பி அப்போது போதாமல் போகலாம். ஆகவே வெட்டும் முன்பே கூடத்தின் உள்ளே இரும்பு முட்டுகள் நிறுத்த வேண்டும். போர்டிகோவின் அடியிலும் முழுவதும் முட்டுக் கொடுக்க வேண்டும். உத்திரத்தின் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி அறுத்து, உத்திரத்தை ஒட்டிய பகுதியைக் கம்பி சிதையாமல் கையால் கொத்தி எடுக்க வேண்டும்.

கடற்கரைக் காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்திருக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. வெளியே தெரியும் கம்பியில் எவ்வளவு மிச்சம் என்பதைத் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட தளத்தின் மேல் ஆளை நிறுத்தி சம்மட்டியால் அடிப்பது எந்த நிலையிலும் கூடாது. சாரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். கட்டட இடிப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4130 இவற்றை விரிவாகச் சொல்கிறது, உங்கள் பொறியாளர் அதைப் பின்பற்றுவாரா என்று கேளுங்கள்.

பொறியாளர் பார்க்கும்வரை அந்தத் தளத்தின் கீழே காரை நிறுத்தாதீர்கள்.

வேம்படி

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கூலி கொடுத்துக் குழிகள் எடுத்துப் பார்த்தோம். முன்புறத்தில் 9 அங்குலம்: மேலே 4 அங்குலக் கருங்கல் ஜல்லிக் காங்கிரீட், அதன்கீழ் 3 அங்குலத்தில் இன்னொன்று, அடியில் 2 அங்குலச் செங்கல் ஜல்லி. மேலிரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பழைய சைக்கிள் செயின் சிக்கியிருந்தது. அது என் அண்ணனுடையதாகத்தான் இருக்கும். சந்தில் நாலரை அங்குலம் மட்டுமே, ஆனால் கடப்பாரையால் தட்டினால் ஓரிடத்தில் வெற்றொலி கேட்டது. உடைத்துப் பார்த்தால், காங்கிரீட்டுக்கும் மணலுக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி. கழிவுநீர்க் குழாய் இணைப்பு ஒன்று கசிந்து மணலை அரித்திருக்கிறது.

கணக்கிட்டால் முன்புறம் 300 கன அடி, சந்து 75 கன அடி, மொத்தம் 375. செங்கல் ஜல்லி எடை குறைவு என்பதைக் கழித்தாலும் 25 டன்னை ஒட்டி வருகிறது. சதுர அடி விலை சொன்னவர் குழியைப் பார்த்ததும் தொகையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார். லோடுக் கணக்குக்காரர் மறுபடி வரவில்லை. முன்பு அதிகமாகத் தெரிந்த மொத்தத் தொகைக்காரர் தன் விலையை மாற்றவே இல்லை. அவரையே அமர்த்த எண்ணுகிறோம்.

அவரிடம் எழுதி வாங்க இருப்பது இதுதான். குழிகளில் கண்ட தடிமனே அடிப்படை. ஓர் அங்குலத்துக்கு மேல் மாறினால் மட்டும் கன அடிக்கு இன்ன விலை என்று கூட்டவோ குறைக்கவோ செய்வது. உடைத்தல், அள்ளுதல், ஏற்றுதல், மாநகராட்சி இடத்தில் கொட்டி ரசீது கொடுத்தல் ஆகிய நான்கும் தொகையில் அடக்கம். கேட் வரம்பும் சுவரோரப் பட்டையும் முதலில் அறுத்துப் பிரிக்கப்பட வேண்டும். மதிலோரம் விட்டுவிட்டு உடைக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்ட குழாய்களுக்கு அவர் பொறுப்பு. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் வேலை. பக்கத்து வீட்டு மதிலையும் எங்கள் சுவர்களையும் இரு தரப்பும் இருக்கும்போதே தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது. போர்டிகோ இதில் சேராது. விட்டுப்போனது ஏதும் உண்டா?

இடிப்பு வேலை

நல்ல எழுத்து அம்மா. இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கசியும் குழாயை முன்புறம் உடைக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். சந்தை முதலில் உடைத்து, பிளம்பர் பி.வி.சி. குழாய் போட்டு, மணலை நீர் விட்டு அமுக்கி நிரப்பிய பிறகே முன்புறத்துக்கு வரச் சொல்லுங்கள். சந்திலிருந்து பாண்டு சுமந்து வர முன்புறத் தரை உடையாமல் இருப்பது ஆட்களுக்கும் வசதி.

அடுத்தது பணம். முன்பணமாகப் பெருந்தொகை கொடுக்காதீர்கள், அதே சமயம் கடைசி நாள்வரை முழுவதையும் நிறுத்தியும் வைக்காதீர்கள். ஆட்களுக்கு வாரக் கூலி சனிக்கிழமை கொடுக்க வேண்டும். சந்து முடிந்ததும் ஒரு பங்கு, முன்புறம் உடைத்து முடிந்ததும் ஒரு பங்கு, கடைசி வண்டியின் ரசீதைக் கையில் வாங்கித் தெருவைக் கழுவிய பிறகு மீதி. கடைசிப் பங்கு மொத்தத்தில் கால்வாசிக்குக் குறையாமல் இருக்கட்டும். உடைத்து முடிந்ததும் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள், அள்ளுவதற்கு அவர்களைத் திரும்ப வரவைப்பது அந்தக் கால்வாசிப் பணம்தான்.